அரைத் துண்டு, கெட்டிக் களிமண்: முதல் வருடத்துக்கு எந்தக் கைக்கருவிகள் போதும்?

புதுப்பாத்தி எழுதியது:

வணக்கம். கிழக்கு லண்டனில் அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு விடும் நிலத்துண்டு) கிடைத்திருக்கிறது. அரைத் துண்டு, 5 ராட். ஊர்க் கணக்கில் 3 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு வருடமாக யாரும் கை வைக்காத நிலம். பாதிக்கு கௌச் புல், வேலியோரம் பைண்ட்வீட் கொடி, மூலையில் ஆள் உயரத்துக்கு பிளாக்பெரி முள். மண்ணோ அசல் லண்டன் களிமண். மழை பெய்தால் பூட்ஸோடு கிளம்பி வருகிறது, வெயில் அடித்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது.

கடையில் பத்து உருப்படி கொண்ட ஸ்டெயின்லெஸ் செட் ஒன்று மலிவாக இருக்கிறது. அதை வாங்கலாமா, இல்லை நாலைந்தை மட்டும் நல்லதாக எடுக்கலாமா? ஊரிலிருந்து மண்வெட்டியும் அரிவாளும் கொண்டுவந்தால் இங்கே உதவுமா? ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் மெஷின்) ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அடித்துவிட்டால் வேலை முடியும் என்று பக்கத்துத் துண்டுக்காரர் சொல்கிறார். என் உயரம் 178 செ.மீ., குனிந்தால் இடுப்பு பிடிக்கும். கீரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, ரன்னர் பீன்ஸ் போட எண்ணம்.


பரப்புக்காரன் எழுதியது:

தம்பி, இஞ்ச முழுத் துண்டு 10 ராட் எண்டால் அது எங்கட ஒரு பரப்பு. இங்கத்தை சதுர ராடும் எங்கட பேர்ச்சும் ஒரே அளவுதான். நீங்கள் எடுத்திருக்கிறது அரைப் பரப்பு. அதுக்கு மெசின் தேவையில்லை.

ரோட்டவேட்டரைத் தொடாதேங்கோ. பைண்ட்வீட்டின்ர வெள்ளை வேரும் கௌச் புல்லின்ர நிலத்தடித் தண்டும் கணுவுக்குக் கணு முளைக்கிற சாதி. மெசின் அதை விரல் நீளத் துண்டுகளா வெட்டி நிலம் முழுக்க விதைச்சுவிடும். முதல் கிழமை நிலம் சுத்தமாத் தெரியும், ஒரு மாசத்தால பாருங்கோ. அதோட ஈரக் களியில மெசின் ஓடினால் அலகு எட்டுற ஆழத்தில மண்ணை மெழுகிப் பலகை மாதிரி ஆக்கிவிடும். பிறகு தண்ணி கீழ இறங்காது.

முதல் வாங்க வேண்டியது முள்ளு, அதாவது ஃபோர்க்; தட்டைத் தகடு உள்ள ஸ்பேட் இல்லை. ஸ்பேட் வேரை வெட்டும், முள்ளு வேரைக் கிளப்பும். உங்கட நிலத்துக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம். டிக்கிங் ஃபோர்க் எண்டு கேளுங்கோ: நாலு முள், ஒவ்வொண்டும் 30 சென்ரிமீற்றர் அளவில, தலை அகலம் 19-20. பொதுவாக் கடையில இருக்கிற காம்பு 28 அங்குலம். உங்கட உயரத்துக்கு 32 அங்குலக் காம்பு எடுத்தால்தான் இடுப்பு தப்பும். முள்ளும் கழுத்தும் ஒரே இரும்பில அடிச்சதோ எண்டு பாருங்கோ. பத்து உருப்படிச் செட்டில வாறது தகட்டில வெட்டி ஒட்டின சாமான், களியில கழுத்தில வளையும்.

கிண்டுற முறை இதுதான். ஒரு முள்ளு அகலத்துக்கு வாய்க்கால் ஒண்டு திறவுங்கோ. அடுத்த கடியை (குத்தை) அதுக்கு 10 சென்ரிமீற்றர் பின்னுக்கு வையுங்கோ, அதுக்கு மேல வேண்டாம். முள்ளை நேர் குத்தா இறக்கி, காம்பைக் கொஞ்சம் பின்னால சரிச்சு, கட்டியை வாய்க்கால் பக்கம் புரட்டி, முள்ளின்ர முதுகால ஒருக்காத் தட்டுங்கோ. கட்டி உடைஞ்சு வேர் முழுசாத் தொங்கும். அதைக் கையால இழுத்து வாளியில போடுங்கோ. ஆட்கள் காம்பு முறிக்கிறது ஏனெண்டால், 20-25 சென்ரிமீற்றர் கடி வைச்சு, உடம்புப் பாரம் முழுக்கக் காம்பில ஏத்தி நெம்புறதால. முள்ளு அலவாங்கு (கடப்பாரை) இல்லை. பிளாக்பெரிக் கட்டையைக் கிளப்ப அலவாங்கையோ மற்றொக்கையோ (அகல அலகு உள்ள பிக்காக்ஸ் மாதிரிச் சாமான்) எடுங்கோ. முள்க்கொடியை அடியோட வெட்டாமல் முழங்கால் உயரத்துக்குக் கட்டை விட்டு வெட்டினால் பிடிச்சு இழுக்க ஏதும் இருக்கும். ஆனா மார்ச்சில இருந்து ஓகஸ்ட் வரை உள்ளுக்கை குருவிக்கூடு இருக்கோ எண்டு பார்த்திட்டுத்தான் வெட்டுங்கோ.

எடுத்த வேரைப் பச்சையாக் கொம்போஸ்ட்டில போடக்கூடாது. மூடி போட்ட வாளியில தண்ணிக்குள்ள ரெண்டு மாசம் அழுகவிட்டு, கூழானாப் பிறகு போடலாம். மணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொண்டு: ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கோ. உருட்டினது மினுங்கிக்கொண்டு கையில ஒட்டினால் அண்டைக்கு வேலை இல்லை. விரலால தட்ட உதிர்ந்தால் கிண்டலாம். களியில அந்தப் பதம் ஒக்ரோபரிலயும் ஏப்ரலிலயும் சில கிழமை மட்டும்தான் கிடைக்கும். பாத்திக்குள்ள நிக்க வேண்டி வந்தால் பலகை போட்டு அதில நில்லுங்கோ.


கொங்குமண் எழுதியது:

பரப்புக்காரன் அண்ணன் சொன்ன ஃபோர்க் சரிங்க. ரெண்டாவதா ஸ்பேட் வாங்காம மண்வெட்டி வாங்குங்கன்னு நான் சொல்லுவேன். ஊர்ல இருந்து சுமந்துட்டு வர வேண்டாம், இங்கயே கிடைக்கும். அஸாடான்னு ஸ்பானியப் பேர்ல விப்பாங்க, டிக்கிங் ஹோன்னும் சொல்வாங்க. வேடிக்கை என்னன்னா, ஊர்ப்பக்கமும் இலங்கையிலயும் போட்டுத் தேஞ்ச முதலை மார்க் மண்வெட்டி இங்க வுல்வர்ஹாம்ப்டன்ல சில்லிங்டன் கம்பெனி செஞ்சதுதான். பழைய ஆங்கில அகராதியில மமோட்டின்னு ஒரு சொல் இருக்கும், அது நம்ம மண்வெட்டியேதான்.

எதுக்கு உதவும்னா: புல்தரையை மேலாகச் சீவி எடுக்க, உருளைக்கிழங்குக்குப் பார் போட, மண் அணைக்க, பீன்ஸுக்கு வாய்க்கால் எடுக்க, குளிர்ல உறைஞ்சு விட்ட கட்டியை உடைக்க. ஸ்பேட்ல மண்ணைத் தூக்கணும். மண்வெட்டியில இழுத்தாப் போதும், பாரம் இடுப்புக்கு வராது. ஆனா ஊர்க்காம்பு 3 அடிக்குள்ள இருக்கும், 178 செ.மீ. ஆளு அதைப் போட்டா சாயங்காலம் நிமிர முடியாது. 120 செ.மீ. காம்புக்குக் குறையாம எடுங்க. நிமிந்து நின்னு, தலைக்கு மேல ஓங்காம, நெஞ்சு உயரத்துல இருந்து அதன் பாரத்துலயே விழ விடுங்க. தகடு மண்ணுல பதிஞ்சதும் காம்பைச் சித்த மேல தூக்கினா கட்டி தானா பெயரும். ஓங்கி அடிச்சா களிமண் தகட்டைக் கவ்விக்கும், தோள்பட்டைதான் போகும்.

காம்பு பொருத்தறதுல ஒரு விஷயம். காம்பு நுழையற கண்ணு வட்டமா, முட்டை வடிவமான்னு பாத்துக் காம்பு வாங்குங்க. இங்க சுலபமாக் கிடைக்கற பிக்காக்ஸ் காம்பு முட்டை வடிவக் கண்ணுக்குத்தான். தலைப்பக்கம் பருத்த காம்பா இருந்தா மெலிஞ்ச நுனியை மேல இருந்து கண்ணுக்குள்ள விட்டு, கடைசி வரைக்கும் இழுத்து, கல்லுல ரெண்டு குத்து குத்துனா இறுகிடும். வீசவீச இன்னும் இறுகும். ஆணி அடிக்காதீங்க, ஆணி போன இடத்துல காம்பு பிளக்கும்.

பைண்ட்வீட் இருக்கற வேலியோரத்துல மட்டும் மண்வெட்டி போடாதீங்க. அங்க ஃபோர்க்தான்.

அரிவாள் விஷயம்: ஊர் அரிவாளைப் பையில போட்டு பஸ்ல போற யோசனை இருந்தா விட்டுடுங்க. இங்கிலாந்துல பொது இடத்துல அலகுள்ள எதை வெச்சிருந்தாலும் தகுந்த காரணம் காட்டற பொறுப்பு நம்ம மேலதான், 1988 சட்டம். மடக்குற, பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மேல போகாத பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு. தோட்டத்துக்குப் போற வழியில உறை போட்டு, மத்த சாமானோட கட்டி எடுத்துட்டுப் போனா காரணம் சொல்லலாம். வேலை முடிஞ்சும் கார்லயே கிடந்தா சொல்ல முடியாது. புல் அறுக்க, கீரை அறுக்க இங்க விக்கற சின்னக் கைக்கதிர் அரிவாளே போதும், அதையும் ஷெட்லயே விட்டுட்டு வாங்க. ஹோரி ஹோரின்னு ஜப்பான் தோட்டக்கத்தி ஒண்ணு எல்லாரும் புகழ்வாங்க. நல்ல சாமான்தான், அதுக்கும் இதே சட்டம்தான்.


கீரைக்கட்டு எழுதியது:

இரண்டு பேரும் நிலம் திருத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள். திருத்துவது ஒரு பருவம். களை எடுப்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரா வாரம். கீரையும் வெங்காயமும் போடப் போகிறவருக்கு அதிகம் கையில் இருக்கப் போவது ஹோதான், அதாவது களைக்கொத்து.

டச்சு ஹோ (தள்ளுகிற வகை), டிரா ஹோ (இழுக்கிற வகை), முன்னும் பின்னும் வெட்டுகிற ஆடும் ஹோ என்று மூன்று வகை பார்ப்பீர்கள். ஆடும் ஹோ பொலபொலப்பான மண்ணில் அருமை. களிமண்ணிலும் கல்லிலும் அதன் கீல் அடைத்துக்கொள்கிறது, கல் சிக்கினால் அலகு வளைகிறது. உங்கள் மண்ணுக்கு டச்சு ஹோ. அகலம் 12 செ.மீ. அளவில் இருந்தால் வரிசைகளுக்கு நடுவே நுழையும். காம்பு உங்கள் காது உயரம் இருக்கட்டும், குனியாமல் பின்னோக்கி நடந்துகொண்டே தள்ளலாம். வெங்காய வரிசைக்குள் செடிக்குச் செடி நடுவில் எடுக்க 30 செ.மீ. பிடியுள்ள ஆனியன் ஹோ ஒன்று தனியாக வேண்டும். வெங்காய இலை நிழல் தராது, களை அதற்குள்தான் முதலில் வரும்.

பலர் ஹோவைக் குறை சொல்வது மழுங்கிய ஹோவை வைத்துக்கொண்டுதான். கடையிலிருந்து வரும்போது எந்த ஹோவும் கூர்மையாக இருப்பதில்லை, பெயின்ட்தான் இருக்கும். பத்து அங்குலத் தட்டை அரம், ஒற்றை வெட்டு உள்ளது, வாங்குங்கள். ஹோவின் தலையை வைஸில் இறுக்குங்கள். வைஸ் இல்லையென்றால் காம்பைத் தரையில் கிடத்திக் காலால் மிதித்து, தலையைப் பலகை விளிம்பில் நிறுத்துங்கள். விளிம்பில் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்வு இருக்கும். அதே பக்கம், அதே சாய்வு. அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் அழுத்தித் தேய்த்தால் இரும்பு போகாது, அரத்தின் பல்தான் போகும். சத்தத்தைக் கவனியுங்கள்: வெட்டும்போது கரகரவென்று ஒரே சீராக வரும், வழுக்கினால் கீச்சிடும். விளிம்பு நெடுகிலும் பளபளப்பான கோடு தெரிந்து, மறுபக்கம் விரலால் வருடினால் பிசிறு தட்டுப்பட்டால் போதும். அரத்தை மறுபக்கம் தட்டையாகப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் அந்தப் பிசிறை எடுங்கள். சவரக்கத்திக் கூர்மை தேவையில்லை, அந்தக் கூர் முதல் கல்லிலேயே போய்விடும். ஒவ்வொரு முறை தோட்டத்துக்குப் போனதும் பத்து இழுப்பு, அவ்வளவுதான்.

அலகு மண்ணுக்குள் ஒரு செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஆழமாகப் போனால் அடியில் உறங்குகிற களை விதையை மேலே கொண்டுவருகிறீர்கள், பயிர் வேரையும் அறுக்கிறீர்கள். காய்ந்த நாளில் காலையில் செய்தால் வெட்டிய களை சாயங்காலத்துக்குள் வாடிவிடும். ஈர மண்ணில் செய்தால் அதே களை மறுபடி வேர் பிடிக்கும், இடம் மாற்றி நட்டதாகத்தான் அர்த்தம். களை நூல் பருவத்தில், இரண்டு இலை வரும்போதே போக வேண்டும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும்வரை காத்திருந்தால் வேலை மூன்று மடங்கு.

ஸ்டெயின்லெஸ் பற்றிக் கேட்டீர்கள். ஸ்பேட் வாங்குவதானால் ஸ்டெயின்லெஸ் எடுக்கலாம், களிமண் குறைவாக ஒட்டும். ஹோவுக்குக் கார்பன் ஸ்டீல்தான். அரத்துக்குப் பணியும், கூர் நிற்கும்.


புதுப்பாத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய சாமான் சந்தையில் டிக்கிங் ஃபோர்க் ஒன்று 8 பவுண்டுக்குக் கிடைத்தது. முள் துருப்பிடித்திருக்கிறது, ஒரு முள் லேசாக வெளியே வளைந்திருக்கிறது, காம்பு ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்றார் விற்றவர். உண்மையா?


பழஞ்சாமான் எழுதியது:

ஒரு ராத்திரிக்கு உண்மை. மரம் தண்ணீர் குடித்து ஊதும். ஆனால் காம்பு நுழைகிற இரும்புக் குழல் விடாததால் நார் நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும்.

காம்பு ஆடுவது எதனால் என்று முதலில் பாருங்கள். ரிவெட் தேய்ந்து ஆடினால் ரிவெட்டை மட்டும் மாற்றினால் போதும். மரம் சுருங்கியோ உளுத்தோ ஆடினால் காம்பையே மாற்ற வேண்டும். மரம் இரும்புக் குழலுக்குள் நுழையும் இடத்தில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது.

மாற்றுவதானால்: ரிவெட்டின் தலையை அரத்தால் தேய்த்து எடுத்து, பஞ்ச் வைத்து மறுபக்கம் தட்டி விடுங்கள். குழலுக்குள் சிக்கிய கட்டையில் நீளமான மர ஸ்க்ரூவை இறக்கி, ஸ்க்ரூவின் தலையை வைஸில் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைத் தட்டி இழுங்கள். கட்டையை நெருப்பில் போட்டு எரித்து எடுக்கச் சொல்வார்கள், செய்ய வேண்டாம். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் இறங்கி, அப்புறம் முள் முதல் கல்லிலேயே வளையும். புதுக் காம்பு ஆஷ் மரம். ரேகை தலையிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். நுனியை ராஸ்ப்பால் (மரம் தேய்க்கும் முரட்டு அரம்) கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். குழலுக்குள் எங்கே கறுப்புத் தடம் விழுகிறதோ அங்கே மட்டும் தேய்க்க வேண்டும். கடைசி இரண்டு செ.மீ. சுத்தியலால் தட்டித்தான் இறங்க வேண்டும், கையால் இறங்கினால் தளர்ச்சி.

வளைந்த முள்ளைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். முள்ளின் மேல் ஓர் அடி நீள இரும்புக் குழாயை மாட்டி, தலையை வைஸில் பிடித்து, குளிர்ந்த நிலையிலேயே மெதுவாக இழுங்கள். நேர்க்கோட்டைச் சற்றுத் தாண்டி இழுத்தால் திரும்பி வந்து சரியாக நிற்கும்.

துருவுக்கு: கம்பி பிரஷால் மேல்துருவைத் தேய்த்துவிட்டு, முள் மூழ்குமளவு சாதா வினிகரில் ஒரு ராத்திரி. காலையில் பிரஷ் போட்டு, சோடா மாவு கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். கழுவி அப்படியே வைத்தால் அரைமணியில் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூக்கும். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தடவலாம்.

காம்புக்கும் அதே எண்ணெய். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், கையில் கொப்புளம் அதனால்தான் வருகிறது. எண்ணெய் தடவி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடையுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். மர ஷெட்டில் அது விளையாட்டில்லை. வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் போடுங்கள்.


கொங்குமண் எழுதியது:

பழைய சாமான்னதும் ஞாபகம் வந்துச்சு. வாங்கினதோ இரவல் வாங்கினதோ, மண்ணுல வைக்கறதுக்கு முன்ன ஒட்டியிருக்கற மண்ணை நல்லாக் கழுவிடுங்க. வெங்காயத்துல வெள்ளை அழுகல்னு ஒரு பூஞ்சணம் இருக்கு. கடுகைவிடச் சின்னக் கறுப்பு உருண்டையா மண்ணுல பதினஞ்சு வருசம்கூட உசுரோட கிடக்கும். பக்கத்துத் துண்டு ஃபோர்க்ல ஒட்டியிருக்கற ஒரு பிடி மண்ணு போதும், உங்க துண்டுல வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எல்லாம் போச்சு. பூட்ஸுக்கும் இதேதான்.


கீரைக்கட்டு எழுதியது:

இன்னும் இரண்டு சாமான் சொல்லிவிடுகிறேன். 10 லிட்டர் பூவாளி ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒரு கையில் மட்டும் தூக்கினால் இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். பூ (தண்ணீர் தூறுகிற துளைத் தலை) தனியாகக் கழலக்கூடியதாக இருக்கட்டும். தொட்டித் தண்ணீரில் பாசி இருக்கும், வாரம் ஒருமுறை கழற்றி ஊதாவிட்டால் பாதித் துளை அடைத்துக்கொள்ளும். நாற்றுக்கு ஊற்றும்போது பூவின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஊற்றத் தொடங்குவதும் நிறுத்துவதும் பாத்திக்கு வெளியே. தொடக்கத்தில் கொட்டுகிற பெரிய சொட்டுதான் கீரை முளையைச் சாய்க்கிறது.

கவாத்துக் கத்தரி பைபாஸ் வகையாக (இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டி வெட்டுவது), உதிரிப்பாகம் கிடைக்கிற கம்பெனியாக எடுங்கள். ஃபெல்கோ 2 என்றால் அலகு, ஸ்பிரிங், நட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். விரல் தடிமனுக்கு மேல் உள்ள பிளாக்பெரித் தண்டை அதில் வெட்டி முறுக்காதீர்கள். அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடும், அப்புறம் வெட்டாமல் மெல்லும். அதற்கு நீளப்பிடி லாப்பர்.

தரையைக் கிண்டவே வேண்டாம், அட்டை விரித்து மேலே கொம்போஸ்ட் கொட்டினால் போதும் என்றும் யாராவது சொல்வார்கள். கௌச் புல்லுக்கு அது ஒரு வருடத்தில் வேலை செய்யும், அட்டைகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருந்தால். பைண்ட்வீட் அட்டையின் சந்து தேடி வரும். பாதித் துண்டில் அட்டை, பாதியில் ஃபோர்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள்; முதல் வருடத்திலேயே 125 சதுர மீட்டரையும் கிண்டி முடிக்க யாராலும் முடியாது.


புதுப்பாத்தி எழுதியது:

அப்படியென்றால் இப்போதைக்கு ஃபோர்க், நீளக்காம்பு மண்வெட்டி, டச்சு ஹோ, ஆனியன் ஹோ, அரம், கத்தரி, லாப்பர், பூவாளி இரண்டு. ஸ்பேட் பிறகு. உருளைக்கிழங்கு தோண்ட பொட்டேட்டோ ஃபோர்க் என்று தட்டை முள் வைத்து ஒன்று விற்கிறார்களே, அது தேவையா?


பரப்புக்காரன் எழுதியது:

வேண்டாம் தம்பி. அது இளகின மண்ணுக்குத்தான் தோது. களியில தட்டை முள் லேசில இறங்காது. இருக்கிற ஃபோர்க்கையே செடியில இருந்து ஒரு அடி தள்ளிக் குத்தி, பாரின்ர பக்கவாட்டில இருந்து கிளப்புங்கோ. மேல இருந்து குத்தினால்தான் கிழங்கு குத்துப்படும். மண் அள்ளுற கைக்கரண்டி (ட்ரவல்) ஒண்டை மட்டும் பட்டியலில சேருங்கோ. கடையிலயே முனையைத் தரையில ஊன்றி அழுத்திப் பாருங்கோ, கழுத்து அசைஞ்சால் திருப்பி வைச்சிட்டு வாங்கோ.